மூடி இல்லாத ஜாடி

14 ஜனவரி 2024, ஞாயிறு

லோரோங் குலிட் சந்தைக்கு ஏழரைக்கே போய்விட்டேன். பினாங்கில் அதற்கு மேல் போனால் வெயிலும் கூட்டமும்தான் மிச்சம். பழைய ரேடியோ, நாணயம், துருப்பிடித்த கத்தரிக்கோல் எல்லாம் பரப்பிய ஒரு தார்ப்பாயின் மூலையில் அது இருந்தது: உள்ளங்கையில் உட்காரும் சின்ன இஞ்சி ஜாடி. மூடி போட்ட உருண்டைச் சீனப் பீங்கான் ஜாடிக்கு அப்படித்தான் பெயர். அலையலையான நீலத்தில் வெள்ளைப் பிளம் பூக்கள், இடையில் வெடித்த பனிக்கட்டி போலக் கோடுகள். பனி உடையும்போதே பூக்கிற பூ என்பதால் சீனர்களுக்கு அது வசந்தத்தின் அடையாளம்.

“மூடி எங்கே அங்கிள்?” என்றேன்.

“மூடி இருந்தா இந்த விலைக்கா கொடுப்பேன்?” என்று மலாய் மொழியில் சொல்லிச் சிரித்தார். 380 வெள்ளி (ரிங்கிட்) சொன்னவர் 250க்கு இறங்கினார்.

வீட்டில் மனைவி ஜாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இன்னைக்குப் போகி. எல்லாரும் பழசை வெளியே போடுறாங்க, நீங்க காசு கொடுத்து உள்ளே கொண்டு வர்றீங்க.”

15 ஜனவரி

பொங்கல். ஜாடியைக் கழுவக்கூட நேரமில்லை.

17 ஜனவரி

இளஞ்சூடான தண்ணீரில் குழந்தை சோப்புப் போட்டுக் கழுவினேன். அடியில் இரட்டை வளையத்துக்குள் நான்கு எழுத்துகள்: காங்ஷி ஆட்சியில் செய்தது என்று. சீனப் பேரரசர் காங்ஷியின் ஆட்சிக்காலம் 1662 முதல் 1722 வரை. பழம் பீங்கான் புதிதாகச் சேர்க்கத் தொடங்கியவர்கள் துள்ளிக் குதிப்பது இந்த இடத்தில்தான்; பன்னிரண்டு வருடத்துக்கு முன் நானும் குதித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவின் பீங்கான் நகரமான ஜிங்தேஷென் சூளைகளில், புதுப் பீங்கானிலும் பழைய பேரரசர்களின் பெயரைத் தாராளமாக எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், காங்ஷி காலத்திலேயே, 1677ல், அங்கிருந்த உள்ளூர் அதிகாரி பீங்கானில் பேரரசர் பெயரை எழுதக்கூடாது என்று தடை போட்டார். அதனால் உண்மையான காங்ஷி காலத்து ஜாடிகள் பலவற்றில் வளையம் மட்டும் காலியாக இருக்கும்.

ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். நல்ல காங்ஷி நீலத்தில் ஆழம் இருக்கும், ஒரே இடத்தில் நாலைந்து சாயல் தெரியும். இதில் நீலம் தட்டையாக, கொஞ்சம் அவசரமாக இழுத்தது போல இருக்கிறது. பிற்காலப் பேரரசர் குவாங்ஷூ காலம் (1875–1908) என்று என் நோட்டில் எழுதிக்கொண்டேன். வருத்தமில்லை. 250 வெள்ளிக்கு அதுவே அதிகம்.

உள்ளே விரலை விட்டால் வயிற்றின் நடுவில் மெல்லிய மேடு தட்டுகிறது. மேல்பாதியும் கீழ்பாதியும் தனித்தனியாகச் செய்து ஒட்டிய இடம். வெளியே வழித்துவிட்டார்கள், உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

28 ஜனவரி, ஞாயிறு

தைப்பூசக் கால்வலி இன்னும் போகவில்லை. ஆனாலும் மூடி தேடிக் கிளம்பினேன். ஜார்ஜ் டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் டப்பா நிறைய அநாதை மூடிகள். ஜாடி இல்லாத மூடிகள் இத்தனை என்றால் மூடி இல்லாத ஜாடிகள் எங்கே போயின?

எதுவும் பொருந்தவில்லை. பச்சை மண் சூளையில் சுருங்குகிறது, ஒவ்வொன்றும் கொஞ்சம் முன்னே பின்னே. அதனால் ஒரே அச்சில் வந்தது போலத் தெரிகிற இரண்டு ஜாடிகளுக்குக்கூட மூடியை மாற்றிப் போட முடியாது. இஞ்சி ஜாடியின் மூடி தொப்பி மாதிரி கழுத்தின் மேல் கவிழ்ந்து உட்காரும். கண்ணாடிப் பூச்சு உருகினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும் என்று கழுத்தைப் பூசாமல் விடுவார்கள். என் ஜாடியின் கழுத்து வெள்ளை வேட்டி மாதிரி சொரசொரவென்று இருக்கிறது.

கடைக்காரர், மரத்தில் கடைந்து போடச் சொன்னார். ஐரோப்பாவில் காங்ஷி ஜாடிகளுக்கே அப்படிச் செய்திருக்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.

18 பிப்ரவரி, ஞாயிறு

வேலையாக மலாக்கா. மூடி கிடைக்கவில்லை. கடற்கரையில் நின்றபோது டயானா கப்பல் நினைவுக்கு வந்தது. சீனாவின் கான்டனிலிருந்து மதராஸுக்குப் பீங்கான் ஏற்றிப் போனது, 1817ல் இந்தப் பக்கத்துக் கடலில் மூழ்கியது. 1990களில் எடுத்தார்கள்; சுமார் 24,000 பீங்கான்கள் 1995ல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தால் அவற்றில் பாதி, மதராஸ் சமையலறைகளில் என்றோ உடைந்திருக்கும்.

3 மார்ச், ஞாயிறு

கிடைத்தது! அதே லோரோங் குலிட், அதே அங்கிள். ஒரு பழைய பிஸ்கட் டின்னில் தனியாகக் கிடந்த மூடி, பிளம் பூவேதான். 60 வெள்ளி, பேரம் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். உட்காருகிறது, ஆனால் தளர்ச்சி. தட்டினால் கடகடவென்று ஆடுகிறது. போகட்டும் என்று ஜன்னலோரம் கொண்டுபோனேன். அங்கேதான் சங்கடம். மூடியின் நீலம் ஒரு பூவைச் சுற்றி மட்டுமே மூன்று சாயல் காட்டுகிறது. இதழ்களின் ஓரம் ஒவ்வொன்றும் தனியாக வரைந்தது. ஜாடியை விட மூடி மூத்தது. எவ்வளவு மூத்தது என்று இப்போதே எழுதிவைக்கத் துணிச்சல் இல்லை.

“ஒருவழியா முடிஞ்சுதா?” என்றாள் மனைவி.

மூடியின் உள்வட்டத்தை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த மூடிக்கு ஏற்ற ஜாடி வேண்டும்.