கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேற: திருவிடைமருதூர் தரிசனம்

மகாலிங்க சுவாமியிடம் தோஷ நிவர்த்தி வேண்டிப் போகிறவர்கள் கிழக்கே நுழைந்து மேற்கே வெளியேறணும், வந்த வழியில் திரும்பக் கூடாது. அதனால் முதலில் செருப்புக்கு வழி பார்க்க வேண்டும். கிழக்கு வாசலில் விட்டுவிட்டுப் போனால், மேற்கே வெளியே வந்தபின் கொதிக்கும் தார் ரோட்டில் மதிலைச் சுற்றி நடக்கணும். அதற்குச் சோம்பியே பலர் வந்த வழியில் திரும்பிவிடுகிறார்கள். வந்த காரியமே கெட்டது! காரில் வருகிறவர்கள் செருப்பை வண்டியில் விட்டு, டிரைவரை மேலவீதிக்கு வரச் சொல்லுங்கள். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை பஸ்ஸில் வந்தால், காலை வெயில் ஏறுமுன் மேற்கே விட்டுவிட்டு, வெறுங்காலோடு கிழக்கே சுற்றி வந்து நுழையலாம்.

வாசலிலேயே "பரிகாரம் பண்ணித் தர்றேன்" என்று ஒட்டிக்கொள்வார்கள். காது கொடுக்காதீர்கள், கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கினால் போதும். தைப்பூசக் கூட்டத்தில் நிதானமான தரிசனத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

கிழக்குக் கோபுர வாசலில் பிரம்மஹத்தி, அதாவது அந்தணரைக் கொன்ற தோஷம், இருக்கிறது. விளக்கேற்றிவிட்டு அங்கே கொஞ்சம் நில்லுங்கள். வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் அந்தணர் மிதிபட்டுச் செத்தது இருட்டில், ராஜாவுக்குத் தெரியாது. தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்று தோஷம் கேட்கவில்லை, பிடித்துக்கொண்டது. மதுரைச் சொக்கன் சொன்னபடி இங்கே வந்து நுழைந்தான், அது வாசலில் நின்றுவிட்டது. அவன் மேற்கு வழியாகத் தப்பினான். மன்மதனை ஒரு பார்வையில் எரித்தவருக்கு இதை எரிப்பது பெரிய வேலையா? எரிக்கவில்லையே. போக்கிடம் இல்லாத பாவத்துக்கும் தன் மதிலுக்குள்ளேயே ஓர் இடம் கொடுத்து, அதற்கும் விளக்கெரிய வைத்திருக்கிறார்.

வெளிப்பிராகாரமான அசுவமேதப் பிராகாரத்தை முதலில் வலம் வந்துவிடுங்கள். பிறகு சுவாமி, அம்பாள், பக்கத்திலேயே மூகாம்பிகை. எதையும் விட்டுவிட்டு மேற்கே போய்விடாதீர்கள்; மறுபடி பார்க்க வேண்டுமானால் கிழக்கே சுற்றித்தான் வரணும். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பதினொன்றரைக்கு வந்து நின்றால் அவசரம்தான். அதோடு பிரம்மஹத்தியிடம் "போய் வருகிறேன்" என்று சொல்லக் கூடாது. பேசாமல் உள்ளே போய்விட வேண்டியதுதான்.

மேற்கு வாசல் பத்திரகிரியார் இருந்த இடம். கிழக்கே பட்டினத்தார், மேற்கே அவர் சீடர். பிச்சை கேட்டு வந்தவனைப் பட்டினத்தார் "மேற்கே ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போ" என்று அனுப்பினார். திருவோடும் ஒரு நாயும்தான் அந்தச் சம்சாரியின் சொத்து. வெட்கித் திருவோட்டை வீசியெறிந்தார் பத்திரகிரியார். அது பட்டு நாய் செத்தது. பாண்டியன் கொலைப்பழி நீங்கி வெளியேறிய அதே வாசலில், எல்லாம் துறந்தவர் கையால் ஓர் உயிர் போயிற்று. அந்த நாய் காசி ராஜன் மகளாகப் பிறந்து அவரையே தேடி இங்கு வந்தது. இருவரையும் ஒரே ஜோதியில் சேர்த்துக்கொண்டார் மகாலிங்கம்.

மருதவாணா, உன் கணக்கு எங்களுக்கு விளங்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த நாயைச் சேர்த்துக்கொண்டாயே அப்பா, அது போதும்.