போஸ்ட்மேன்ஸ் பூங்காவின் ஓட்டுச் சுவர்

லண்டனின் 'சிட்டி' பகுதியில் மதியம் பன்னிரண்டரை ஆகிவிட்டால் நடைபாதையில் எதிர்நீச்சல்தான் போட வேண்டும். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே நேரத்தில் வாசலைத் திறந்து விட்டதுபோல, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒரு கையில் காபியும் மறு கையில் காகிதப் பையுமாக ஆட்கள் கொட்டுகிறார்கள். நின்று யோசிக்கிறவனுக்கு அங்கே இடமில்லை. உட்கார வேண்டுமானால் காசு கொடுத்து எதையாவது வாங்க வேண்டும். இல்லையென்றால் போஸ்ட்மேன்ஸ் பார்க் இருக்கிறது.

அதை எனக்குக் காட்டியது பெரியம்மா மகள். ஈஸ்ட்ஹாமில் அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அந்த ஊரைப் பற்றித் தமிழர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முருங்கைக்காய், வாழையிலை, நகைக்கடை, தோசைக்கடை என்று ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்ததே மறந்துபோகும். அக்காவின் அலுவலகம் சிட்டியில் இருக்கிறது. "செயின்ட் பால்ஸ் தேவாலயத்தை எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். நீ மதியம் ஒரு மணிக்குப் பார்க்குக்கு வந்துவிடு, எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வருகிறேன்" என்றாள். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி மைல் எண்டில் இறங்கினால், எதிர் நடைமேடையிலேயே சென்ட்ரல் லைன் வருகிறது. செயின்ட் பால்ஸ் நிலையத்தில் இறங்கி, தேவாலயத்துக்கு முதுகைக் காட்டி வடக்கே ஐந்து நிமிடம் நடந்தால் போதும். இடது பக்கம் செயின்ட் போடால்ஃப் என்ற சிறிய தேவாலயம். அதை ஒட்டி ஓர் இரும்பு வாயில். அவசரத்தில் போகிறவர் தவறவிட்டுவிடக்கூடிய வாயில்தான்.

உள்ளே போனால், நம் ஊரில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பந்தல் போடும் அளவு இடம். நடுவில் தங்கமீன்கள் நீந்தும் சின்னக் குளம், பூப்பாத்திகள், பெஞ்சுகள். கைக்குட்டை மரம் ஒன்றும் இருக்கிறது. வசந்தத்தில் அதன் பூவைச் சுற்றி வரும் வெள்ளை மடல்கள் துவைத்துக் காயப்போட்ட கைக்குட்டைகள் மாதிரி தொங்குமாம். நான் போனபோது வெறும் இலைதான். சுவர் ஓரமெல்லாம் பழைய கல்லறைக் கற்களைச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு முன்னால் உட்கார்ந்துதான் எல்லோரும் சாண்ட்விச் சாப்பிடுகிறார்கள்.

இது ஒரு காலத்தில் இடுகாடு. பூங்கா சுற்றியுள்ள தெருவைவிட மேட்டில் இருப்பதற்கும் அதுதான் காரணம். புதைக்க இடம் போதாமல், சடலங்களைத் தரையில் கிடத்தி மேலே மண்ணைப் போட்டு மூடியே தரையை உயர்த்திவிட்டார்கள். 1880இல் அதைப் பூங்காவாகத் திறந்தார்கள். பொது அஞ்சலகத்தின் தலைமையகம் பக்கத்தில் இருந்ததால் மதியச் சாப்பாட்டு வேளையில் தபால்காரர்கள் வந்து நிறைந்தார்கள், பெயரும் அவர்களுடையதாகவே ஆகிவிட்டது. தபால்காரர்கள் போய்விட்டார்கள். மதியச் சாப்பாடு மட்டும் அதே இடத்தில் நடக்கிறது.

நான் வந்தது இதற்காக மட்டும் இல்லை. பூங்காவின் ஒரு பக்கத்தில், ரயில் நிலையக் கூரைபோலச் சாய்ப்பு இறக்கிய நீண்ட மரத் தாழ்வாரம் ஒன்று இருக்கிறது. அதன் சுவரில் வெளிர் நிற ஓடுகள் வரிசையாகப் பதித்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு தொழில், ஒரு தேதி, ஒரு சாவு. அடுத்தவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட சாதாரண மனிதர்களுக்கான நினைவுச் சுவர் இது. ஜார்ஜ் ஃபிரெடரிக் வாட்ஸ் என்ற ஓவியர் தம் முயற்சியில் எழுப்பினார். விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டான 1887இல், இப்படி ஒரு நினைவகம் வேண்டும் என்று அவர் 'தி டைம்ஸ்' நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். பெரிய மனிதர்களை வரைந்தே பேர் வாங்கியவர் அவர். சுவர் எழுந்தது 1900இல். திறப்பு விழா அன்று நான்கே நான்கு பலகைகள்தான் இருந்தன.

முதலில் படித்தது சாரா ஸ்மித். நாடகக் கம்பெனி நடிகை. 1863 ஜனவரியில், தோழியின் உடையில் பற்றிய தீயை அணைக்க ஓடினாள். அவள் உடுத்தியிருந்ததும் எளிதில் தீப்பிடிக்கும் நாடக உடைதான். அதையும் பலகையில் எழுதியிருக்கிறார்கள். அடுத்து தாமஸ் சிம்சன். 1885இல் ஹைகேட் குளங்களில் பனிக்கட்டி உடைந்து விழுந்த பலரை இழுத்துப் போட்டுவிட்டு, களைப்பில் செத்துப்போனவர். மருத்துவர் சாமுவேல் ராபத், தொண்டை அடைப்பான் கண்ட குழந்தையைக் காப்பாற்றப் போய் மாண்டவர். ஹாரி சிஸ்லி, பத்து வயது. நீரில் மூழ்கிய அவனை அப்போதுதான் கரையேற்றியிருக்கிறார்கள். தம்பியோ அண்ணனோ, உடன்பிறந்தவன் இன்னும் தண்ணீரில் இருக்கிறான் என்று மறுபடி குதித்துவிட்டான்.

கேம்பிரிட்ஜ் என்ற பெயருள்ள ஓர் இளைஞர், லண்டன் கவுண்டி கவுன்சில் குமாஸ்தா, பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் கடற்கரையில் மூழ்கிய ஒருவரைக் காப்பாற்றி 1901இல் இறந்தார். காப்பாற்றப்பட்டவர் முன்பின் தெரியாதவர், போதாததற்கு வெளிநாட்டுக்காரர் என்று பலகை குறிப்பிடுகிறது. ஆஸ்டெண்டில் வெளிநாட்டுக்காரர் உண்மையில் யார் என்று யாரும் கேட்கவில்லைபோல. அந்தக் காலத்து ஆங்கிலேய மனசு ஓர் ஓட்டில் அடங்கிவிட்டது.

அக்கா என்னைவிட அதிக நேரம் நின்றது ஒரு சிறுவனின் பலகைக்கு முன்னால். சாலமன் காலமன், வயது 11. கமர்ஷியல் தெருவில் வண்டியில் அடிபட இருந்த தம்பியைத் தள்ளிவிட்டு, தான் அடிபட்டு 1901 செப்டம்பரில் இறந்தவன். "அம்மா, அவனைக் காப்பாற்றிவிட்டேன், என்னைத்தான் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை" என்று அவன் சொன்னது அப்படியே எழுதியிருக்கிறது. அக்காவுக்கும் அதே வயதில் ஒரு மகன். "இதை மட்டும் நான் படிக்கவே மாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன்" என்றாள். பிறகு டப்பாவைத் திறந்து, "உட்கார், ஆறிப்போகிறது" என்றாள். எலுமிச்சை சாதம் ஆறினால் என்ன என்று கேட்கவில்லை.

ஓடுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரம்பத்துப் பலகைகளைச் செய்தவர் வில்லியம் டி மார்கன், அந்தக் காலத்தின் பெயர்பெற்ற ஓட்டுக் கலைஞர். பிறகு அவர் அந்தத் தொழிலையே விட்டுவிட்டு நாவல் எழுதப் போய்விட்டார், அதிலும் நன்றாகச் சம்பாதித்தார். அடுத்த பலகைகள் ராயல் டோல்டன் நிறுவனத்துக்குப் போயின. 1904இல் வாட்ஸ் இறந்த பின் பொறுப்பை ஏற்றிருந்த அவர் மனைவி மேரிக்குப் புதிய ஓடுகள் பிடிக்கவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் நமக்கே வித்தியாசம் தெரிகிறது. டி மார்கனின் எழுத்தில் கை இருக்கிறது, மற்றதில் அச்சு இருக்கிறது.

அப்படிக் கிட்டப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. ஈஸ்ட்ஹாம்.

ஃபிரெடரிக் மில்ஸ், ஏ. ரட்டர், ராபர்ட் டுரண்ட், எஃப். டி. ஜோன்ஸ். 1895 ஜூலை 1 அன்று, ஈஸ்ட்ஹாம் கழிவுநீர் ஏற்று நிலையத்தில், தோழர் ஒருவரைக் காப்பாற்ற முயன்று உயிர்விட்ட நான்கு பேர்.

"அக்கா, உங்கள் ஊர்."

அவள் எழுந்து வந்து படித்தாள். எத்தனையோ வருடமாக இந்தப் பூங்காவில் சாப்பிடுகிறாள், இந்தப் பலகையை மட்டும் எப்படியோ கவனித்ததில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நம் பேப்பரில் வருவது மாதிரியே இருக்கிறதே" என்றாள்.

அப்படியேதான் இருந்தது. நச்சுத்தொட்டியில் ஒருவர் இறங்குவார், மயங்கி விழுவார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குவார், அவரும் விழுவார். மேலே நிற்கிற மூன்றாமவருக்கும் மனசு கேட்காது. சாக்கடையில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும்வரை ஆபத்து தெரியும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அந்த நாற்றமே நின்றுவிடும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்குகிறவர் ஏணியிலேயே விழுந்துவிடுவார். தமிழ்நாட்டில் இதைப் படிக்காமல் ஓர் ஆண்டும் கழிவதில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்து 2013இல் சட்டம் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது, 2023இல் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு ஏறுகிறது. தொட்டிக்குள் இறங்கும் ஆளும் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்.

எனக்கு இந்தச் சுவரின் மேல் ஒரு மனக்குறை உண்டு. ஏழை எளியவர்களின் வீரத்தைச் சொன்னால் மற்றவர்களின் நடத்தையும் மேம்படும் என்று வாட்ஸ் நம்பினார். அதனால் பலகைகள் ஆளைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்கின்றன. தீப்பிடிக்கும் துணியை நடிகைக்கு ஏன் கொடுத்தார்கள், ஈஸ்ட்ஹாமில் அந்தத் தோழர் பாதுகாப்பில்லாமல் ஏன் இறங்கினார் என்ற கேள்விகளுக்கு ஓட்டில் இடமில்லை. தியாகி ஆக்கிவிட்டால் முதலாளிக்கு வசதி. ஆனால் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நூற்றிருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகியும் அந்த நால்வரின் பெயரை ஈஸ்ட்ஹாமில் தோசை தின்றுவிட்டு வந்த நான் படிக்க முடிகிறது. நம் செய்திகளில் பெயர் கடைசி வரிக்கு வந்தாலே பெரிது. மறுநாள் அதுவும் பழைய பேப்பர்.

இத்தனைக்கும் பெயரைக் கல்லில் வெட்டி வைப்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன், அது இரண்டு திருடர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டே சொல்கிறது. ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டு காப்பாற்றிய மண்ணில், சாக்கடையில் இறங்கியவருக்கு நட ஒரு கல் கிடைக்கவில்லையா?

சுவரில் 120 பலகைகளுக்கு இடம் விட்டிருந்தார்கள். இன்று இருப்பவை 54. 1930களின் தொடக்கத்தோடு புதிய பெயர் சேர்ப்பது நின்றுபோனது. பிறகு 2009இல் மட்டும் ஒன்று சேர்ந்தது. லீ பிட், வயது 30, அச்சுப் பிரதித் தொழிலாளி. 2007இல் தேம்ஸ்மீட் கால்வாயில் மூழ்கிய சிறுவனைக் காப்பாற்றிவிட்டு மூழ்கிப்போனவர். பழைய பலகைகளின் நடையிலேயே அதையும் எழுதியிருக்கிறார்கள்.

அக்கா இரண்டு மணிக்குத் திரும்பிவிட்டாள். நான் ஆலிஸ் ஏயர்ஸின் பலகையை மறுபடி படித்துவிட்டுக் கிளம்பினேன். 1885 ஏப்ரலில் யூனியன் தெருவில் ஒரு பெயின்ட் கடை தீப்பிடித்தபோது, மாடி ஜன்னலிலிருந்து மெத்தையைக் கீழே போட்டு, மூன்று குழந்தைகளை ஒவ்வொன்றாக அதில் இறக்கியவள் அவள். கீழே கூட்டம் குதி குதி என்று கத்த, அவள் திரும்பத் திரும்ப உள்ளே போனாள். கடைசியில் குதிக்கும்போது தவறி விழுந்து, முதுகெலும்பு முறிந்து இறந்தாள். செங்கல் கொத்தனாரிடம் வேலை பார்த்த கூலியாளின் மகள் என்று பலகை அறிமுகப்படுத்துகிறது. அந்தக் குழந்தைகளுக்கு அவள் சித்தி என்பதைச் சொல்லவில்லை.

அந்த இடத்துக்கும் நடந்தே போகலாம். செயின்ட் பால்ஸைத் தாண்டி, மில்லெனியம் பாலத்தில் தேம்ஸைக் கடந்து, டேட் மாடர்ன் கலைக்கூடத்துக்குப் பின்னால் தெற்கே போனால் யூனியன் தெரு வந்துவிடும். பக்கத்தில் ஒரு சந்துக்கு 1936இல் ஏயர்ஸ் தெரு என்று அவள் பெயரை வைத்தார்கள். அதன் முதுகில் ரெட்கிராஸ் தோட்டம் இருக்கிறது. ஏழைகளுக்கு வீடும் காற்றும் வேண்டும் என்று போராடிய ஆக்டேவியா ஹில் 1887இல் அமைத்தது. போஸ்ட்மேன்ஸ் பூங்கா போலவே கையடக்கமானது, ஆனால் கூட்டம் குறைவு. குளத்தின் பக்கம் பெஞ்ச் கிடைத்தது, மிச்ச எலுமிச்சை சாதத்தை அங்கே முடித்தேன்.

இரண்டு பூங்காவுக்கும் கட்டணம் இல்லை. இருட்டுவதற்குள் வாயிலை அடைத்துவிடுவார்கள், ஆகவே குளிர்காலத்தில் போகிறவர்கள் மதியத்தோடு முடித்துக்கொள்வது நல்லது. சாப்பாடு கொண்டுபோகாவிட்டால் ரெட்கிராஸ் தோட்டத்திலிருந்து பரோ மார்க்கெட் சில நிமிட நடைதான். விலையைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.