சிவக்கவில்லை என்பதாலேயே புண் சிறியதாகிவிடாது

மார்கழிக் குளிரில் ஏற்காட்டுப் பெரியவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் வறண்டு செதில் செதிலாக உரியும். குளிர் பாதிக் காரணம்தான். மீதி, வயதோடு தோலின் காவல் தளர்வது.

மேல்தோலில் உள்ள லாங்கர்ஹான்ஸ் செல்கள், நுழையும் கிருமியின் துணுக்கைப் பிடித்து நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய், கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான டி செல்களிடம் காட்டும். முதுமையில் இவை எண்ணிக்கையிலும் குறையும், மெதுவாகவும் போகும். வெயில் பட்டுப் பழகிய முகத்திலும் முன்கையிலும் இழப்பு அதிகம். ஏற்காட்டின் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், குளிர்ச்சியால் வெயில் உறைக்காவிட்டாலும் புற ஊதாக்கதிர் சமவெளியைவிட வலுவாகவே விழும்.

தோலின் இயல்பான அமிலத்தன்மையும் (பி.எச். 5 அளவு; எண் கூடினால் அமிலம் குறைவு) வயதானால் குறையும். அதன்மேல் பி.எச். 9, 10 உள்ள சோப்பைத் தினமும் உடம்பெல்லாம் தேய்ப்பது வீண் வேலை. அக்குள், தொடையிடுக்கு, பாதம் போதும். வெதுவெதுப்பான நீரில் குளித்து, துண்டால் ஒற்றி, ஈரம் காயுமுன் வாசலின் தடவலாம். கால்விரல் இடுக்கில் மட்டும் எதுவும் வேண்டாம்; அங்கே ஈரம் தங்கினால் பூஞ்சை வரும், வெடிப்பு வழியாகப் பாக்டீரியா ஏறும்.

அக்கிதான் பெரிய தொல்லை. சின்னம்மை வைரஸ் நரம்பு முடிச்சில் பல்லாண்டு பதுங்கியிருக்கும். அதை அடக்கிவைக்கும் டி செல்களின் பிடி 50 வயதுக்கு மேல் தளரும். முதலில் விலாவிலோ முதுகிலோ ஒரு பக்கம் மட்டும் எரியும். வாயு, தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்ப்பார்கள். சில நாளில் கொப்புளம் வரிசையாகக் கிளம்பும். காவியால் அக்கி எழுதிக்கொள்வது அவரவர் நம்பிக்கை. ஆனால் உடைந்த கொப்புளத்தில் மண் படக் கூடாது, எழுதி முடித்துப் பார்க்கலாம் என்று மருந்தையும் தள்ளக் கூடாது. வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கொப்புளம் ஆறினாலும் நரம்புவலி மாதக்கணக்கில் நிற்கலாம். வயது கூடக் கூட அதற்கு வாய்ப்பு அதிகம். 50 தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி உண்டு: இரண்டு தவணை, 2 முதல் 6 மாத இடைவெளியில்.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் 'அரிப்புக் களிம்பு' பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அது இருக்கிற கொஞ்சக் காவலையும் அடக்கிவிடும்: சிவப்பு குறையும், படர்தாமரை பரவும்.

சிவக்காவிட்டாலும், காலில் வீக்கமும் சூடும் இருந்தால் வீக்கத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்துவையுங்கள். கோட்டைத் தாண்டினால் காய்ச்சலுக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். முதியவர்களுக்குக் காய்ச்சல் வராமலே போகலாம். திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ சாப்பாடு வேண்டாம் என்றாலோ அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள், சர்க்கரை உள்ளவர் என்றால் கோடு தாண்டும்வரைகூடப் பார்க்காதீர்கள்.