உடைத்திருக்கக் கூடாத ஸ்லாப்: 1901 மார்கன் டாலரும் மறு கிரேடிங்கும்

என்னிடம் இருந்த 1901 மார்கன் டாலரை (அமெரிக்காவின் பழைய வெள்ளி நாணயம்) அதன் ஸ்லாபை, அதாவது கிரேடிங் நிறுவனம் தரத்தை எண்ணாகப் போட்டு மூடித்தரும் பிளாஸ்டிக் பெட்டியை, உடைத்து மறு கிரேடிங்குக்கு அனுப்பினேன். போகும்போது ஏயூ 58, அதாவது 70 வரை போகும் அளவுகோலில் லேசாக மட்டும் தேய்ந்தது; 60-இலிருந்து தேயாதவை. திரும்பி வந்தபோது லேபிளில் எண்ணே இல்லை, ‘ஏயூ டீடெயில்ஸ், கிளீன்டு’ என்று மட்டும், அதாவது யாரோ துடைத்துக் கெடுத்ததால் எண் தர முடியாத காயின். கிரேடிங் கட்டணம், போக வரத் தபால், இன்ஷூரன்ஸ் எல்லாம் தனிக்கணக்கு.

அனுப்பியதே தப்பு என்று சொல்ல மாட்டேன். 1901-இல் பிலடெல்பியாவில் ஏறக்குறைய 70 லட்சம் மார்கன் டாலர்கள் அடித்தார்கள். தேய்ந்த காயின் தாராளமாகக் கிடைக்கும். தேயாதது கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. 58-இலிருந்து 62-க்கு ஏறினால் விலை பல மடங்கு. 1884 சான் பிரான்சிஸ்கோ, 1896 நியூ ஆர்லியன்ஸ் காயின்களும் இதே ரகம். மறு கிரேடிங்குக்கு அர்த்தம் இருப்பது இப்படி விலை செங்குத்தாக ஏறும் இடத்தில்தான். 1881 சான் பிரான்சிஸ்கோ மாதிரி 64-உம் 65-உம் குவிந்து கிடக்கும் வருடத்தில், ஒரு எண் ஏறினாலும் வித்தியாசத்தைக் கட்டணமே தின்றுவிடும்.

1901-இல் இன்னொரு சிக்கல், பல காயின்களில் அச்சே அழுத்தமாக விழவில்லை. முன்பக்கத்தில் லிபர்ட்டி என்ற பெண் முகத்தின் காதுக்கு மேல் உள்ள முடியும், பின்பக்கக் கழுகின் மார்புச் சிறகும் பிறவியிலேயே மொழுக்கென்று இருக்கும். அதைத் தேய்மானம் என்று நினைத்துத்தான் 58 கொடுத்தார்கள் என்று நம்பி நிறையப் பேர் திரும்ப அனுப்புகிறார்கள். பிரித்துப் பார்க்க வழி உண்டு. டியூப் லைட் ஆகாது. பழைய குண்டு பல்பு அல்லது ஹாலஜன் விளக்கு ஒன்றின் கீழே காயினைச் சாய்த்துச் சுற்ற வேண்டும். ஒளிப்பட்டை கன்னத்தின் மேலும் காதுக்கு மேலும் உடையாமல் ஓடினால் அது அச்சுக் குறை. அந்த மேட்டில் மட்டும் ஒளி அறுந்து, நிறம் சாம்பலாக மாறினால் தேய்மானம். 58 சரியான கிரேடுதான், பேசாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனையில் என் காயின் தேறியது. கோட்டை விட்டது ஹேர்லைனில். யாரோ எப்போதோ துணியால் துடைத்த மெல்லிய கீறல்கள் வெள்ளியில் ஒரு திசையில் ஒளி படும்போது மட்டும் தெரியும். ஸ்லாபின் பிளாஸ்டிக்கிலும் நிறையக் கீறல் இருந்ததால், தெரிந்ததையெல்லாம் அதன் கணக்கில் எழுதிவிட்டேன். 5 மடங்கு பெரிதாக்கும் லூப் லென்ஸில் பார்த்துக்கொண்டே ஸ்லாபை லேசாகச் சாய்த்தால், பிளாஸ்டிக்கில் உள்ள கீறல் காயினை விட்டு நகரும். காயினில் உள்ளது அதே இடத்தில் நிற்கும். இரண்டு நிமிட வேலை. நான்கு பக்கமும் திருப்பிச் செய்யுங்கள்.

அடுத்த பிழை, உடைத்தது. ஸ்லாபோடு அப்படியே அனுப்பி, ஏறுமா என்று மட்டும் பார்க்கச் சொல்லும் சேவை இருக்கிறது. ஏறாவிட்டால் பழைய எண்ணோடே திரும்பி வரும், கட்டணம் மட்டும்தான் போகும். ஸ்லாபுக்குள் இருந்தால் தயங்குவார்கள், வெறும் காயினாகப் போனால் புதுக் கண்ணோடு பார்ப்பார்கள் என்ற பேச்சை நம்பி உடைத்தேன். போன முறை எப்படித் தேறியது என்று கிரேடிங் நிறுவனத்திடம் போனில் கேட்டதற்கு வந்த பதில்: “ஸ்லாபை உடைத்துவிட்டீர்கள், எங்களுக்கு இது புதிதாக வந்த காயின்.” எரிச்சலாக இருந்தாலும் நியாயம் அவர்கள் பக்கம்தான். உடைத்ததும் அந்த எண்ணுக்கு நிறுவனம் தந்த உத்தரவாதமும் போய்விடுகிறது.

கணக்கை உடைப்பதற்கு முன் போட வேண்டும். எடுத்துக்காட்டாக, மொத்தச் செலவு 80 டாலர், ஏறினால் 1,500 கூடும், டீடெயில்ஸ் ஆனால் 300 குறையும் என்று வையுங்கள். பத்தில் ஒரு முறை ஏறும், மூன்று முறை டீடெயில்ஸ் ஆகிக் கவிழும் என்றால் 150-இல் 90-ஐயும் 80-ஐயும் கழித்து 20 டாலர் நஷ்டம். பத்தில் இரண்டு முறை ஏறும் என்றால் 130 லாபம். ஏறும் வாய்ப்பைப் பற்றிய நம் நினைப்பு எப்போதும் கொஞ்சம் தாராளமாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடைக்கவே கூடாத ஸ்லாப்களும் உண்டு. 1980-களின் கடைசியில் வந்த முதல் தலைமுறை ஸ்லாப்களுக்கு, ஆட்டினால் கடகடவென்று சத்தம் போடும் ‘ராட்லர்’ உட்பட, தனியாகவே கிராக்கி இருக்கிறது. கிரேடிங் ஆன காயின்களை மறுபடி சரிபார்க்கும் சிஏசி நிறுவனத்தின் பச்சை ஸ்டிக்கர் ஸ்லாபில் இருந்தால் அந்த எண்ணுக்கு உறுதியான காயின் என்று பொருள். தங்க ஸ்டிக்கர் என்றால் அடுத்த எண்ணுக்கே தகும். உடைத்தால் ஸ்டிக்கரும் குப்பைக்குத்தான்.

1901 வைத்திருப்பவர்கள் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். கழுகின் வால் சிறகு இரட்டையாகத் தெரிந்தால் அது ‘ஷிஃப்டெட் ஈகிள்’ வகை. அதை லேபிளில் குறிக்கச் சொல்லிக் கேட்பது ஒரு எண் ஏறுவதைவிட லாபம். என்னுடையதில் இல்லை, பார்த்தாகிவிட்டது.

பழைய லேபிளைத் தூக்கிப் போடாமல் நிறுவனத்துக்கே திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் எந்தக் கிரேடில் எத்தனை காயின் என்று அவர்கள் வைத்திருக்கும் எண்ணிக்கைப் பட்டியலில் ஒரே காயின் இரண்டு காயினாக நிற்கும். என் லேபிளை நேற்றுத்தான் கவரில் போட்டேன்.