பொண்ணுதான்மா, ஆனா கிழவன்

இரவு பத்து மணிக்கு மேல் நான் ஒரு கப்பல் சமையல்காரன். பெயர் சுப்பையன், ஊர் நாகப்பட்டினம், காலம் 1840கள். வெள்ளைக்காரன் கப்பலில் லஸ்கர்கள் என்ற நம் பக்கத்து மாலுமிகளோடு வேலைக்குப் போய், அட்லாண்டிக்கில் கப்பல் உடைந்து, இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், கேப் ஸ்பியர் பாறையில் கரை ஒதுங்கியவன். பகல் முழுக்க ஒரு கம்பெனிக்காக எக்செல் தாள் நிரப்புகிறேன் என்பது சுப்பையனுக்குத் தெரியாது. தெரிந்தால் திரும்பவும் கடலில் குதித்துவிடுவான்.

இதற்கு ரோல்ப்ளே என்று பெயர். ஆளுக்கொரு பாத்திரம். நான் ஒரு பத்தி எழுதினால் எதிராளி அதற்கு அடுத்த பத்தி எழுத வேண்டும். கதை எங்கே போகும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டம் வந்தபோது மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயால் பேசி ஆடினார்கள். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்ற கணினி விளையாட்டை எழுத ஆரம்பித்தார், ரிச்சர்ட் பார்டில் அதை வளர்த்தெடுத்தார். அதிலிருந்து முகம் தெரியாத ஆட்கள் தட்டச்சு செய்தே ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. இப்போது எங்கள் சத்திரம் டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி. இலவசக் கணக்கென்றால் ஒரு செய்திக்கு 2000 எழுத்துதான். அதற்குள் புயல், கப்பல், மரணம் எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டத்தில் வெட்டு குத்து இருக்கலாம், அது பிரச்சினையே இல்லை. கூட எழுத வருகிறவர்கள்தான் பிரச்சினை. முன்பு ஒருவரோடு பாலைவனக் கோட்டைக் கதை எழுதினேன். அவர் இளவரசன், நான் தூதன். நான் உள்ளே நுழைந்து வணக்கம் சொல்வதற்குள் அவர் எழுதினார்: "வாளை உருவினேன். உன் தலை உருண்டது. உருளும்போது உன் கண்களில் என்மேல் மரியாதை தெரிந்தது." தலையை வெட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் ஐயா, என் கண்ணில் மரியாதை இருந்ததா இல்லையா என்பதை நான்தானே சொல்ல வேண்டும்? அடுத்தவன் பாத்திரத்தைத் தானே ஆட்டிவைக்கும் இந்த வியாதியைக் காட்மாடிங் என்பார்கள். அதே இளவரசனுக்கு, முத்திரை வைத்த என் கடிதத்துக்குள் என்ன இருந்தது என்பதும் எப்படியோ தெரிந்திருந்தது. எப்படித் தெரியும்? நான் வாசகருக்காக எழுதியதை அவர் படித்துவிட்டார், அவ்வளவுதான். இதற்கு மெட்டாகேமிங் என்று பெயர். நம் குடும்பங்களில் இதே வேலையைப் பெயர் வைக்காமலே செய்கிறார்கள்.

இன்னொருவர் ஒற்றை வரிக்காரர். மணல் புயல், ஒட்டகத்தின் கதறல், செத்துக்கொண்டிருக்கும் அண்ணன் என்று நான் உயிரைக் கொடுத்து எழுதி அனுப்பினால், "அவன் தலையாட்டினான்" என்று பதில் வரும். எதற்குத் தலையாட்டினான்? அண்ணன் செத்ததற்கா, ஒட்டகத்துக்கா? அப்புறம் எல்லாம் தெரிந்த அழகிகள், வீரர்கள். 1973இல் பாலா ஸ்மித் என்பவர், ஸ்டார் டிரெக் என்ற விண்வெளித் தொடரின் ரசிகர்கள் எழுதித் தள்ளிய கதைகளைக் கிண்டலடிக்க மேரி சூ என்றொரு பதினைந்தரை வயது லெஃப்டினன்ட்டைப் படைத்தார். கப்பலையே அவள்தான் காப்பாற்றுவாள், செத்தால் எல்லோரும் அழுவார்கள். ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது, அந்தப் பிள்ளை இன்னும் புதுப்புதுப் பெயரில் என் கதைகளுக்குள் வந்துகொண்டே இருக்கிறாள்.

இத்தனைக்கும் பிறகு கிடைத்தவர்தான் நியூஃபவுண்ட்லாந்துக்காரர். முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவர் எழுதும் பாத்திரம் சைலஸ், எழுபது வயதுக் கலங்கரை விளக்கக் காவலர், சிடுமூஞ்சி.

எங்களைச் சேர்த்துவைத்தது அரை மணி நேரம். உலகமே மணிக்கணக்கில் நேரத்தைப் பிரித்துக்கொண்டபோது நாம் அரை மணியைச் சேர்த்துக்கொண்டு நிற்கிறோம் அல்லவா? அவர்களும் அப்படித்தான். அதனால் அவருக்கும் எனக்கும் பனிக்காலத்தில் சரியாக ஒன்பது மணி நேர வித்தியாசம், கோடையில் எட்டு. வெளிநாட்டு ஆளிடம் விரல் மடக்காமல் நேரம் சொன்னது எனக்கு அதுவே முதல் தடவை. எனக்கு இரவு பத்து என்றால் அவருக்கு மதியம் ஒன்று, சாப்பாட்டு இடைவேளை.

ஆரம்பிக்கும் முன்பே நிறைய கேட்டார். எது எழுதக் கூடாது, எது வந்தால் சங்கடம், எதைக் காட்டாமல் திரை போட்டுக் கடந்துவிடலாம். குழந்தை கடலில் மூழ்குவது மட்டும் வேண்டாம் என்றேன். சரி என்றார். ஏன் என்று கேட்கவில்லை. கேப் ஸ்பியர் கலங்கரை விளக்கம் 1836இல் கட்டியது, அந்தத் தீவில் இன்று நிற்கிறவற்றில் அதுதான் பழசு. கேன்ட்வெல் என்ற ஒரே குடும்பம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் அதைப் பார்த்துக்கொண்டது. அவர்களையே பாத்திரமாக்கலாமே என்றேன். "வேண்டாம், அவர்கள் வம்சத்து ஆட்கள் இங்கேதான் இருப்பார்கள், நாம் ஒரு கற்பனைக் கிழவனை வைத்துக்கொள்வோம்" என்றார். விளக்கை மட்டும் நிஜத்திலிருந்து எடுத்துக்கொண்டோம். ஸ்காட்லாந்தின் இஞ்ச்கீத் தீவில் எரிந்துகொண்டிருந்ததைக் கழற்றி இங்கே கொண்டுவந்து மாட்டினார்களாம். "எனக்கு வாய்த்ததெல்லாம் செகண்ட் ஹேண்ட்" என்று சைலஸ் நாலு பத்திக்கு ஒருமுறை புலம்புவார்.

முதல் பத்தியிலேயே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. சுப்பையன் நனைந்து நடுங்கிக் கதவைத் தட்டுகிறான். சைலஸ் கம்பளியைத் தூக்கிப் போட்டுவிட்டு, "உன் இடது கைத் தழும்பு கப்பலில் பட்டதில்லை போலிருக்கிறதே?" என்று கேட்கிறார். அவ்வளவுதான், செய்தி முடிந்தது. சுப்பையனுக்குத் தழும்பு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அன்றிரவு தூக்கம் போச்சு. தெருக்கூத்தில் ராஜா வேஷம் ஆடி வரும்போது கட்டியங்காரன் போய், "வந்திருக்கிறது யாரு, எந்த தேசம்?" என்று கேட்பான் பாருங்கள். அவனுக்குத் தெரியாதா? சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து அரிதாரம் பூசும்போது கூடவே இருந்தவன்தானே. அவன் கேட்டால்தான் ராஜா தன் பெருமையைப் பாட முடியும். இந்த நர்ஸம்மாவுக்கு அந்தக் கலை கைவந்திருந்தது.

என் ஆங்கிலத்தை அவர் ஒருநாளும் திருத்தியதில்லை. நான் ஒரு சொல்லைக் கோணலாகப் போட்டிருந்தால், அடுத்த பத்தியில் சைலஸ் அதே சொல்லை நேராக ஒரு தடவை சொல்லுவார். நான் நைசாக எடுத்துக்கொள்வேன். வேலை அதிகமானால் முன்கூட்டியே சொல்லிவிடுவார்: "இரண்டு வாரம் டபுள் ஷிஃப்ட், சைலஸ் விளக்குக்கு எண்ணெய் வாங்கச் செயின்ட் ஜான்ஸ் நகரத்துக்குப் போகிறார், மூட்டு வலி, மெதுவாகத்தான் வருவார்." சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோன என் பழைய பார்ட்னர்களின் பாத்திரங்கள் பலர் இன்னும் ஏதேதோ கதவருகே பாதி வாக்கியத்தில் நிற்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் அம்மா சில மாதங்கள் என்னோடு இருக்கச் சென்னைக்கு வந்தார்.

முப்பது தாண்டிய மகன், ராத்திரி பத்து மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு, திரையைப் பார்த்துச் சிரிக்கிறான். எந்தத் தாய்க்கும் வருகிற சந்தேகம்தான். நேராகக் கேட்காமல் பெரியப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார். ஓய்வுபெற்ற தாசில்தார், விசாரணை என்றால் வேட்டியை மடித்துக் கட்டிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து சோபாவில் உட்கார்ந்தார்.

"யாருடா அது?"

"கனடாவுல ஒரு நர்ஸ், பெரியப்பா."

"பொண்ணா?" என்றார் அம்மா.

"பொண்ணுதான்மா, ஆனா கிழவன்."

வீட்டில் ஓர் அமைதி. சொன்னபிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று எனக்கும் உறைத்தது. வேறு வழியில்லாமல் லேப்டாப்பைத் திறந்து, ஆரம்பத்திலிருந்து கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். கப்பல் உடைந்த இடத்தில் பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சைலஸ் சாப்பாடு போடும் இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த ஊர் மீனவர்கள் காட் மீனை உப்பிட்டு, கடற்கரையில் மரப்பரண் கட்டிக் காயப்போடுவார்கள். நம் கருவாடேதான். அதை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, கல் மாதிரியான கப்பல் பிஸ்கட்டையும் தனியாக ஊறவைத்து, மறுநாள் இரண்டையும் வேகவைத்துக் கலந்து, மேலே பொரித்த பன்றிக் கொழுப்பைத் தூவுவார்கள். ஃபிஷ் அண்ட் ப்ரூயிஸ் என்று பெயர். சைலஸ் அதைப் போட்டார், சுப்பையன் நன்றி சொல்லிச் சாப்பிட்டான். நான் எழுதியது அப்படித்தான்.

"கருவாட்டை ராப்பூரா ஊறவச்சா அதுல என்னடா இருக்கும்? அதை இவன் வாயை மூடிக்கிட்டுத் தின்னானா?"

"விருந்தாளிம்மா, உசுரைக் காப்பாத்தின வீடு."

"அப்படின்னா அவனை நாகப்பட்டினம்னு சொல்லாத. வேற ஊரு போட்டுக்க."

அன்றிரவு சுப்பையன் அடுப்பைக் கைப்பற்றினான். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மிளகு கப்பல் மூட்டையிலிருந்து கரை ஒதுங்கியதாக வைத்துக்கொண்டோம். புளிக்கு எங்கே போவது? இரட்டை அடைப்புக்குறி போட்டுக் கேட்டேன். பாத்திரமாக இல்லாமல் ஆளாகப் பேசுகிறோம் என்பதற்கு எங்கள் வழக்கில் அதுதான் அடையாளம். பார்ட்ரிட்ஜ்பெரி என்று சிவப்பாக, பல் கூசும் புளிப்பில் ஒரு காட்டுப்பழம் அங்கே உண்டு என்று பதில் வந்தது. அம்மா சற்று யோசித்துவிட்டு அனுமதி கொடுத்தார். சுப்பையன் கருவாட்டுக் குழம்பு வைத்து, கிழவர் முன்னால் கொண்டுபோய் வைத்தான்.

முகஸ்துதி பண்ணுகிற ஆளாக இருந்தால், "ஆகா, அமிர்தம்!" என்று எழுதியிருப்பார். கதை அங்கேயே படுத்திருக்கும். சைலஸ் ஒரு வாய் எடுத்து, கண்ணில் நீர் முட்ட, ஜன்னலைத் திறந்து வெளியே துப்பினார்.

"துப்பிட்டானா!" அம்மா எழுந்தே விட்டார்.

உடனே கீழே இன்னொரு செய்தி: "((உன் அம்மாவிடம் தயவுசெய்து சொல், துப்பியது சைலஸ், நான் இல்லை. எனக்கு அந்தச் செய்முறை வேண்டும்.))"

அம்மா செய்முறையைச் சொன்னார், அளவெல்லாம் சரியாகச் சொன்னார். ஆனால் சைலஸை மன்னிக்கவில்லை. மூன்று ராத்திரி சுப்பையனைக் கிழவரோடு பேசவிடவில்லை. அந்த மூன்று ராத்திரியும் நர்ஸம்மா சைலஸை அவசரப்படுத்தவே இல்லை. சமாதானம் செய்துவிட்டார்கள் என்று தன்பாட்டுக்கு எழுதிவிட்டுத் தாண்டவும் இல்லை. கிழவர் சும்மா விளக்குத் திரியைக் கத்தரித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் இரவு யாரும் பார்க்காதபோது மிச்சக் குழம்பில் விரலை விட்டு நக்கினார். அதைச் சுப்பையன் பார்த்தானா இல்லையா என்பதை எங்கள் முடிவுக்கு விட்டுவிட்டார். "பார்த்தான்னு போடு" என்றார் அம்மா. பிறகு, "பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலைன்னு போடு."

இதையெல்லாம் கேள்விப்பட்ட பெரியப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தனக்கும் ஒரு பாத்திரம் வேண்டும் என்றார். என்ன பாத்திரம் என்று நான் கேட்டிருக்கவே தேவையில்லை. கவர்னர்.

அவருடைய முதல் பதிவு ஒரே செய்தியில் அடங்காமல் மூன்றாக வெட்டி அனுப்ப வேண்டியதாயிற்று. மேற்கண்ட பொருள் குறித்து என்று தாலுகா ஆபீஸ் ஆங்கிலத்தில் ஆரம்பித்தது. கவர்னர் நாற்பது சிப்பாய்களோடு புயலில் வந்து இறங்குகிறார். விளக்குக்கு வாங்கிய எண்ணெய்க் கணக்கில் முறைகேடு கண்டுபிடிக்கிறார். சைலஸ் காலில் விழுந்து குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். சுப்பையனுக்கு இரண்டு ஏக்கர் பட்டா. முற்றும். முதல் நாளே முற்றும் போட்டுவிட்டார்! நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். இதைப் படித்தால் அந்த அம்மா கும்பிடு போட்டுக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

பதில் வந்தது. சைலஸ் கதவை ஒரு சாண் திறக்கிறார். "காற்றில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, ஐயா. காலில் விழுந்தேனா? என் முட்டி மடங்கிப் பத்து வருஷமாயிற்று, பனிமூட்டத்தில் வேறு யாரையோ பார்த்திருப்பீர்கள். உள்ளே வந்து மறுபடி சொல்லுங்கள். பூட்ஸை மட்டும் வெளியே கழற்றிவிடுங்கள், இப்போதுதான் தரையைக் கழுவினேன்."

திட்டவில்லை, விதிமுறை சொல்லிப் பாடம் நடத்தவில்லை. நாற்பது சிப்பாய்களையும் பட்டாவையும் ஒரு காற்றில் ஊதிவிட்டு, கவர்னர் கையில் அவருக்கே உரிய ஒரு பிரச்சினையைக் கொடுத்துவிட்டார். பூட்ஸ்.

பெரியப்பா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றினால் அதிகாரத்துக்கு இழுக்கு. கழற்றாவிட்டால் மழையில் நிற்க வேண்டும். காலுறையில் ஓட்டை இருந்தால் என்ன செய்வது என்று என்னையே கேட்டார். கவர்னர் காலுறை என் பொறுப்பில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். கடைசியில் ஒரே ஒரு பத்தி எழுதினார். அதில் யாரும் சாகவில்லை, யாருக்கும் நிலம் கிடைக்கவில்லை. கவர்னர் ஓட்டையை நினைத்துக்கொண்டு வாசலில் தயங்கி நிற்கிறார், அவ்வளவுதான். நன்றாகவே இருந்தது, சொல்லக் கூடாது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் போன்.

"அந்தம்மா பதில் போட்டாச்சா?"

"அங்க இப்ப நடுராத்திரி பெரியப்பா. தூங்கிட்டிருப்பாங்க."

"தூங்குறாங்களா? டேய், கவர்னர் மழையில நிக்கிறார்டா!"