தலச்சேரி: இந்தியாவோட முதல் கிறிஸ்துமஸ் கேக் வெந்த ஊரு

நேத்து ராத்திரிதான் கேரளாவுல இருக்கிற தலச்சேரியில இருந்து திரும்பினேன், பையைக்கூட இன்னும் பிரிக்கல, சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும். போற வழி, ரூம், சாப்பாடு, பார்க்க வேண்டிய இடம்னு வரிசையா சொல்லிடுறேன்.

போறது ஈஸி. சென்னையில இருந்து மங்களூர் மெயில், வெஸ்ட் கோஸ்ட் ரெண்டுமே அங்க நிக்கும், ஸ்லீப்பர்ல போனா செலவும் கம்மி. ஆனா ஸ்டேஷன் வாசல் ஆட்டோ! கோட்டைக்கு நடந்தே போயிடலாம், அந்த தூரத்துக்கு ஒருத்தர் 250 ரூபா கேட்டாரு. மீட்டர் போடுங்கன்னா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. தமிழ்ல பேசினாலே ரேட்டு ஏறிடும்போல, பயங்கர கடுப்பு. ரோட்டுக்கு வந்து வேற ஆட்டோ பிடிச்சேன், 50 ரூபாய்ல முடிஞ்சுது.

இப்ப கேக் கதை. 1880ல மாம்பள்ளி பாப்புன்னு ஒருத்தர், பர்மாவுல பிஸ்கட் போடக் கத்துக்கிட்டு வந்து இந்த ஊர்ல ராயல் பிஸ்கட் ஃபேக்டரி ஆரம்பிக்கிறாரு. ஈஸ்ட் கிடைக்காத காலம், கள்ளை ஊத்திதான் மாவைப் புளிக்க வச்சிருக்காரு. 1883 கிறிஸ்துமஸ் நெருங்குறப்ப அஞ்சரக்கண்டி பட்டைத் தோட்டத்து துரை மர்டாக் பிரவுன், இங்கிலாந்துல இருந்து வந்த பிளம் கேக்கைக் கையில குடுத்து இதே மாதிரி செய்ய முடியுமான்னு கேக்குறாரு. பக்கத்துல இருக்கிற மாஹே அப்ப பிரெஞ்சுக்காரங்க கையில (இன்னிக்கு அது புதுச்சேரியோட சேர்ந்தது, பஸ்ஸுல கொஞ்ச நேரம்தான்), அங்க பிராந்தி வாங்கி ஊத்துன்னு யோசனை வேற. பாப்பு பிராந்தி வாங்கல. முந்திரிப் பழமும் கதலிப்பழமும் போட்டுக் காய்ச்சின உள்ளூர் சரக்கைத்தான் ஊத்தினாரு, கேக் அச்சும் தர்மடத்துக் கொல்லர் அடிச்சுக் குடுத்ததுதான். டிசம்பர் 20ம் தேதி கொண்டு போய் வச்சிருக்காரு, துரை ஒரு வாய் தின்னு பார்த்துட்டு இன்னும் ஒரு டஜன் போடச் சொல்லிட்டாராம்! அந்தக் குடும்பமும் ஊரும் இன்னிக்கும் சொல்ற கதை இது, இந்தியாவுல போட்ட முதல் கிறிஸ்துமஸ் கேக் இதுதான்னு அடிச்சு சொல்றாங்க.

கேக்னா வெள்ளைக்காரன் பண்டம்னே நாம பழகிட்டோம். இங்க அதைப் போட்டவர் ஒரு இந்துக் குடும்பத்துக்காரர், அடுப்பு மலபார் அடுப்பு, வாசனை மலபார் மசாலா. இன்னிக்கு கேரளாவுல டிசம்பர் வந்தா எந்த மதத்துக்காரங்க வீட்டுலயும் கேக் இருக்கு, இது பாதி பாப்புவோட பண்டிகைன்னே சொல்லுவேன். அவர் குடும்பத்துக்காரங்க இன்னும் பேக்கரி நடத்துறாங்க. பிளம் கேக் வாங்கினேன், கறுப்பா, ஈரமா, கிராம்பு வாசனையோட இருந்துச்சு, நம்ம ஊர்ல கிரீமை அப்பி விக்கிறதெல்லாம் இதுக்குப் பக்கத்துலயே வராது.

பிரியாணிய விட முடியாது. கைமா அரிசி, குட்டிக் குட்டியா, நெய் வாசனை, சோத்தையும் மசாலாவையும் தனித்தனியா வேகவச்சு அடுக்கி தம் போடுறாங்க, மேல பொரிச்ச வெங்காயம், முந்திரி, திராட்சை. காரம் நம்ம அளவுக்கு இல்ல, ஆனா அரிசிக்கே தனி ருசி. 180 ரூபாய்க்கு வயிறு நிறைஞ்சு மதியத் தூக்கம் வந்துடுச்சு. சாயந்திரம் உன்னக்காய் சாப்பிடுங்க, நேந்திரம்பழத்தை மசிச்சு தேங்காயும் சர்க்கரையும் வச்சுப் பொரிக்கிறது, டீயோட ரெண்டு போதும்.

கோட்டை கிழக்கிந்தியக் கம்பெனி 1708ல கட்டினது, ஒரு மணி நேரம் போதும். எனக்கு அதைவிட சர்க்கஸ்தான் பெருசு. கீலேரி குஞ்ஞிக்கண்ணன்னு ஒருத்தர் 1901ல இந்த ஊரு சிறக்கரையில சர்க்கஸ் பள்ளிக்கூடம் தொடங்கினாரு, அங்கிருந்து கிளம்பின ஆளுங்கதான் அப்புறம் நாடு முழுக்கக் கூடாரம் போட்டாங்க. கூர்க் போற கூட்டத்துல பாதிப் பேரு இந்த ஊரை ஜன்னல் வழியா பார்த்துட்டே போயிடுறாங்க, ரொம்பத் தப்பு.

ரூம் விஷயம்: ஃபோன்ல 900 சொன்ன லாட்ஜ் நேர்ல சீசன்னு 1,600 வாங்கிட்டாங்க. டிசம்பர் 20க்கு முன்னாடி போங்க, ரேட்டை எழுத்துல வாங்கிக்கோங்க, கேக்கை வந்த அன்னைக்கே வாங்கி வச்சிடுங்க, கடைசி நாள்ல கியூ ரோடு வரைக்கும் நிக்குது.