பழைய கொம்பாக் பெட்டிக்குள்ள ஒரு புது மெஷின்

இப்ப கடையில வாற மலிவுக் கொம்பியூட்டர்க் கேசிங்குகளை, அதுதான் வெளிப்பெட்டியளை, கையால அமத்திப் பாத்தால் தெரியும், தகரம் உள்ளுக்குப் போய்த் திரும்பி வரும். பக்கத்தில ஒரு கண்ணாடி, முன்னுக்குக் கலர் லைற், அவ்வளவுதான். 2007, 2008 காலத்தில ஒவ்வீசுகளுக்கெண்டு வந்த பெட்டியளைத் தூக்கிப் பாருங்கோ, பாரமே வேற. அதுகளைப் பழைய இரும்புக்குக் கிலோக் கணக்கில குடுக்கிறதைக் காண எனக்கு மனம் பொறுக்கேல்ல. அதுதான் அப்பிடியொரு பெட்டிக்குள்ள புதுச் சாமான்களைப் பூட்டினன்.

என்னட்டை இருக்கிறது மாமா கொமினிகேசன் வைச்சிருந்த காலத்து எச்பி கொம்பாக் மைக்ரோ டவர். "உதை இரும்புக்குப் போடப் போறன், வேணுமெண்டால் கொண்டு போ தம்பி" எண்டு சொன்னவர், நான் உடன கொண்டு வந்திட்டன். உரும்பிராய்ச் செம்மண் உள்ளுக்கு ஒரு படையாப் படிஞ்சு கிடந்தது. எல்லாத்தையும் கழட்டி, பெட்டியை மட்டும் சவர்க்காரத் தண்ணியில கழுவி வெயிலில காயவிட்டால் பெயின்ற் அப்பிடியே புதுசு மாதிரி. 2022இல டொலர் 200 ரூபா அளவில இருந்து 360 மட்டும் ஏறினதுக்குப் பிறகு ஒவ்வொரு சாமானுக்கும் யோசிச்சுத்தானே காசை எடுக்கிறம், கேசிங் காசு மிஞ்சினால் அது ராமுக்கு, அதுதான் மெமரிக்குப் போகும்.

ஆனால் எல்லாப் பழைய பெட்டியும் சரிவராது, இதை வடிவாப் பாக்கோணும். டெல் ஒப்டிபிளெக்ஸ் 745, 755 டவர்கள் பிடிஎக்ஸ் எண்ட அமைப்பு, இன்டெல் 2004 அளவில கொண்டு வந்து 2006இல கைவிட்டது. அதில மதர்போட், அதுதான் எல்லாச் சாமானும் குத்துற பெரிய போட், மற்றப் பக்கச் சுவரில இருக்கும், இப்பத்தைய போட் அதுக்குள்ள பூட்டேலாது. இப்பத்தைய சின்ன போட் அளவான மைக்ரோ ஏடிஎக்ஸ் எண்டால் ஆகக்கூடினது 244க்கு 244 மில்லிமீற்றர், அந்த இடமும் ஓட்டைகளும் சரியா இருக்கோ எண்டு அடிமட்டம் வைச்சுப் பாருங்கோ. பவர் சப்ளைக்கு அகலம் 150, உயரம் 86, நீளம் 140. பின்பக்கம் யூஎஸ்பி, மொனிற்றர் வயர் குத்துற ஓட்டைகள் வாற சதுரம் தனித் தகடாக் கழண்டால் நல்லம், பெட்டியோட சேத்து அடிச்சதெண்டால் வெட்டத்தான் வேணும். இன்னொண்டு, சில பெட்டியில போட் தாங்குற முண்டுகளைத் தகட்டிலேயே அடிச்சு வைச்சிருப்பினம். புது போட்டில ஓட்டை இல்லாத இடத்தில ஒரு முண்டு நிண்டால் பின்பக்க ஈயத்தில முட்டி ஷோட் ஆகும், அதை அராவி விட்டிடுங்கோ.

நான் போட்டது ரைசன் 5 5600ஜி புரொசெசர், கிரபிக்ஸ் அதுக்குள்ளயே இருக்கிறதால தனிக் காட் தேவையில்லை, 65 வாட்தான். 16 ஜிபி ராம், ஹாட் டிஸ்குக்குப் பதிலா போட்டிலேயே குத்துற எம் டொட் ரூ எஸ்எஸ்டி. பவர் சப்ளை மட்டும் புதுசா வாங்குங்கோ, அத்தனை வருசம் ஓடின பழைய கப்பாசிற்றரை நம்பிப் புது போட்டைக் குடுக்கக் கூடாது.

எனக்குச் சரியாப் பிடிச்ச வேலை முன்பக்கப் பட்டன் வயர்கள்தான். இந்தப் பெட்டியில எல்லா வயரும் ஒரே பிளக்கில போய் முடியுது, புது போட்டோட பின் ஒழுங்கு வேற. ஊசி நுனியால பிளக்கில இருக்கிற சின்ன நாக்கை மெதுவாத் தூக்கினால் வயர் முனையோட வழுக்கி வெளிய வரும், ஒவ்வொண்டா எடுத்து, மல்ரிமீற்றரைச் சத்தம் வாற பக்கத்தில வைச்சு, பட்டனை அமத்திப் பாக்கோணும், அமத்தேக்க மட்டும் கீச்செண்டு கத்துற ரெண்டும் பவர் பட்டன். அது போட்டில முன்பக்க வயர் குத்துற இடத்தில 6ஆம், 8ஆம் பின்னுக்கு, எப்பிடி மாத்திக் குத்தினாலும் பிரச்சினையில்லை. பவர் லைற் 2க்கும் 4க்கும், 2தான் பிளஸ், மாறினால் எரியாது. 10ஆவது பின் இருக்கிற இடம் வெறுமையா இருக்கும், அதை வைச்சுத் திசையைப் பிடிக்கலாம். பழைய பச்சை லைற் புது போட்டுக்கு எரியேக்க வாற சந்தோசம் இருக்கே!

அடுத்தது சூடு. இந்தப் பெட்டியள் ஏசி அறைக்கு வந்ததுகள், எங்கட பங்குனி சித்திரை வெக்கைக்கில்லை. முன்னுக்குக் காத்து வர வழியே கிடையாது. ஹாட் டிஸ்க் கூடு இனித் தேவையில்லாததால ரிவிற்றுகளை ட்றில் பண்ணிக் கழட்டி எடுத்தாச்சு, பக்கத்தில கிறில் வேலை செய்யிற அண்ணையிட்டைக் குடுத்து முன் தகட்டில வட்டமா வெட்டுவிச்சு 120 மில்லிமீற்றர் ஃபான் பூட்டினன், பிளாஸ்ரிக் முகத்துக்குக் கீழயும் ஒரு நீட்டு வெட்டு. வெட்டினதுக்குப் பிறகு இரும்புத் தூளை ஈரத்துணியால முழுக்கத் துடைச்சுத்தான் போட்டை உள்ளுக்கு வைக்கோணும். ஃபானுக்கு முன்னால நுளம்பு வலைத் துண்டு, செம்மண் தூசிக்கு அதை மாதம் ஒருக்காக் கழுவினால் போதும்.

முழுக்க இரும்புப் பெட்டி எண்டதால எர்த் கட்டாயம் இருக்கோணும். ரெண்டு பின் அடப்ரரில குத்தினால் பெட்டியைத் தொடேக்க விறுவிறெண்டு அடிக்கும், யூபிஎஸ் போட்டாலும் அந்தச் சுவர்ப் பிளக்கில எர்த் வயர் உண்மையா இருக்கோ எண்டு வயறிங் ஆளைக் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுங்கோ, பழைய வீடுகளில கனக்க இடத்தில மூண்டாவது ஓட்டைக்குப் பின்னால ஒண்டும் இல்லை.